ஆணித் துளையும் பொக்குப் பூச்சும்: சத்தியமங்கலம் வட்டார வீட்டுச் சுவர்களின் சில்லறைப் பழுதுகள்

வீட்டுச் சுவரில் விழும் சிறு பழுதுகளில் பெரும்பங்கு மனிதர் கைபட்டு வருபவை. காலண்டருக்கும் சாமி படத்துக்கும் அடித்த ஆணியைப் பிடுங்கினால் ஒரு துளை. டி.வி.யும் அலமாரியும் மாட்ட டிரில் போட்டுவிட்டுப் பிறகு இடம் மாற்றினால் விரல் நுழையும் ஓட்டை. கதவுக் கைப்பிடியோ கட்டில் முனையோ இடித்தால் டொக்கு. இவற்றோடு சேராத இன்னொரு வகையும் உண்டு. யாரும் தொடாமலேயே பூச்சு பொரிந்து, உப்பி, ஒருநாள் தானாக உதிர்ந்து பள்ளமாகும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கைபட்டு வந்த ஓட்டையை அடைத்தால் வேலை முடிந்தது. தானாக வந்த பள்ளத்தை அப்படியே அடைத்தால் அடுத்த மழைக்குள் அது திரும்பி வரும்.

இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது உள்ளங்கை அகலத்துக்கு மேற்படாத, பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாகப் போகாத பழுது. கடம்பூர், தாளவாடி மலைப்பகுதிகளில் யானை முட்டித் தள்ளும் சுவர் வேறு கணக்கு. அதற்குக் கொத்தனாரோடு வனத்துறையும் வர வேண்டும்.

சிறு பழுது பார்ப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஓட்டையின் அளவை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்வதுதான். கடையில் கிடைப்பதிலேயே கெட்டியானது எதுவோ அதுவே நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் ஒட்டுப்பூச்சு, தான் ஒட்டப்போகும் சுவரைவிடக் கெட்டியாக இருக்கவே கூடாது. வெயிலுக்கு விரிவதிலும் ஈரத்துக்கு உப்புவதிலும் சுவர் ஒரு போக்கிலும் ஒட்டு வேறு போக்கிலும் போனால், இரண்டில் மெலிந்தது கிழியும். மெலிந்தது சுவராக இருந்தால் ஒட்டு முழுசாக நிற்கும், அதைச் சுற்றிச் சுவர் உதிரும்.

சுவர் எதனால் ஆனது

சத்தியமங்கலம் வட்டாரத்தில் மூன்று நான்கு தலைமுறைச் சுவர்கள் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. தோட்டத்துச் சாளைகளிலும் பழைய வில்லை வீடுகளிலும் செம்மண்ணைக் குழைத்து வரிசை வரிசையாக ஏற்றிய மண்சுவர். வசதியான குடும்பங்களின் தொட்டிக்கட்டு வீடுகளில் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் கட்டி, காரையாலேயே பூசிய சுவர். 1930களில் மதுக்கரையிலும் 1963இல் சங்ககிரியிலும் சிமெண்ட் ஆலைகள் வந்தபின், படிப்படியாக சிமெண்ட் பூச்சு ஊருக்குள் நுழைந்து காரையை ஓரங்கட்டியது. இன்றைய வீடுகளில் செங்கல்லோடு ஹாலோ பிளாக், சாம்பல் கல், ஏ.ஏ.சி. பிளாக் ஆகியவையும் சேர்ந்துவிட்டன. கடைகளிலும் அலுவலகங்களிலும் ஜிப்சம் போர்டுத் தடுப்புகள் நிற்கின்றன.

ஒரே வீட்டிலேயே இவை கலந்திருப்பதுதான் சிக்கல். முன்பக்கம் சிமெண்டாலும் ஆசாரம் காரையாலும் பொடக்காளிச் (கொல்லைப்புறச்) சுவர் மண்ணாலும் ஆன வீடுகள் இந்தப் பக்கம் அரிதல்ல. மேலே ஒரே டிஸ்டெம்பர் பூசியிருக்கும்போது கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஓட்டையின் விளிம்பைச் சுரண்டினால் தெரிந்துவிடும். நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்து செம்மண் நிறம் காட்டினால் மண். வெளிறிய நிறத்தில், கத்தி முனைக்கு இணங்கி, இடையிடையே வெள்ளைக் கட்டி தென்பட்டால் காரை. சாம்பல் நிறத்தில் கத்தி வழுக்கினால் சிமெண்ட். டிரில் போடும்போது சட்டென்று உள்ளே விழுந்து பிளக் சுற்றிக்கொண்டே இருந்தால், பின்னால் வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக். எதிர்ப்பே இல்லாமல் வெள்ளைப் பொடியாகக் கொட்டினால் ஏ.ஏ.சி.

ஓட்டைகளின் வடிவமும் காலத்தோடு மாறியிருக்கிறது. முன்பு கனமான பொருளை மாட்டக் கொத்தனார் சுவரைக் கொத்தி மரக்கட்டை பதித்து, அதில் ஆணி அடிப்பார். அந்தக் கட்டையைக் கரையான் தின்றுவிட்டால் சதுரமான பெரும் பள்ளம் மிஞ்சும். துளையிட்டுப் பிளக் செருகும் முறையை இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1910களில் கொண்டுவந்தார். நம் ஊரில் எல்லாப் பிளக்கும் இன்றும் அவர் பெயரால் ரால் பிளக்தான். இப்போது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் நைலான் பிளக்கின் மூலவடிவத்தை 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கினார். அதன் பயனாகச் சதுரப் பள்ளம் எட்டு மில்லிமீட்டர் வட்டத் துளையாகச் சுருங்கியது. ஆனால் எண்ணிக்கை பெருகிவிட்டது.

தட்டிப் பார்த்தல்

அடைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை, ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு விரல் மூட்டாலோ சுத்தியின் மரப்பிடியாலோ தட்டிக் கேட்பது. கணீரென்றால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பொக்கென்றால் பூச்சு கழன்று தனியாக நிற்கிறது. பொக்கான பகுதி முழுவதையும் தட்டி எடுத்துவிடுவதே சரி. நாணய அளவு ஓட்டை தட்டு அளவு ஆகிவிடுமே என்று தயங்கி, பொக்கின் மேலேயே பட்டி பூசுபவர்கள் அதே வேலையை இரண்டு முறை செய்கிறார்கள்.

அடுத்தது ஈரம். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். பவானிக் கரையை ஒட்டிய வீடுகளிலும், கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீர் எட்டும் தோட்டத்து வீடுகளிலும் இதைக் காணலாம். 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தபின் அந்த வாய்க்காலில் ஓடும் நீரின் கசிவு கிணறுகளை ஊறவைக்கிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டத்தை விவசாயிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்ததற்கு அது முக்கியக் காரணம். கிணற்றுக்கு வரமான ஊற்று, ஓதத்தடுப்பு இல்லாத அடித்தளத்துக்குச் சோதனை. மேலேயிருந்து வரும் ஈரத்துக்குக் காரணம் வேறு: விரிசல் விட்ட மொட்டைமாடி, நிரம்பி வழியும் டேங்க், சுவருக்குள் கசியும் குழாய்.

சுவர்தான் ஈரமா, அறைக் காற்றுதான் ஈரமா என்ற ஐயம் வந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அந்த ஈரத்தின் மூலத்தை அடைக்காமல் எந்தப் பொருளால் ஓட்டையை அடைத்தாலும் காசு வீண். உப்பு, நீரில் கரைந்து சுவரின் மேற்பரப்புக்கு வந்து, நீர் ஆவியானதும் படிகமாகிறது. படிகம் வளரும்போது உண்டாகும் அழுத்தம் பூச்சையே பிளந்து தள்ளும்.

விரிசலோடு சேர்ந்த பள்ளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கீறல்கள், கலவை காயும்போது சுருங்கியதால் வந்தவை, அஞ்ச வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலும் விரிசல் அடித்தளம் அசைவதைச் சொல்கிறது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, சில மாதங்கள் கவனித்தால் அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியும். கோவைக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் கட்டிய வீடுகளில், மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும் மண்ணால் இந்த விரிசல் ஆண்டுதோறும் திறந்து மூடுவதுண்டு. அங்கே பட்டி பூசுவது பொறியாளரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போடும் வழி மட்டுமே.

எதைக் கொண்டு அடைப்பது

இன்று சிறு ஓட்டைக்கு முதலில் கைக்கு வருவது வால் பட்டி. வெள்ளை சிமெண்டோடு நுண்ணிய சுண்ணக்கல் தூளும் ஒட்டும் பாலிமரும் சேர்ந்த பொடி இது. இராஜஸ்தானில் வெள்ளை சிமெண்ட் ஆலைகள் வளர்ந்தபின் ஊருக்கு ஊர் பரவி, ஒரு கிலோ பொட்டலம் முதல் நாற்பது கிலோ மூட்டை வரை கிடைக்கிறது. ஆணித் துளைக்கும் மேலோட்டமான டொக்குக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் பட்டி மெல்லிய பூச்சுக்கானது. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றினால் காயும்போது வெடிக்கும். ஆழமான பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பிவிட்டு, மறுநாள் நடுவில் கீறல் விழுந்ததும் மட்டமான கம்பெனி என்று திட்டுவது நியாயமல்ல.

சிமெண்ட் பூச்சுச் சுவரில் ஆழமான பள்ளத்துக்கு சிமெண்ட் கலவை வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் போதும். ஆற்று மணல் அரிதாகிவிட்டதால் இப்போது பூச்சுக்குப் பி-சாண்ட் வருகிறது. கான்கிரீட்டுக்கான எம்-சாண்டை விட இது நைசானது. கழுவாத, தூசு மிகுந்த பி-சாண்ட் பூச்சை மயிரிழை மயிரிழையாக வெடிக்க வைக்கும். கையில் அள்ளித் தண்ணீரில் போட்டால் கலங்கல் நெடுநேரம் தெளியாமல் நிற்கும் மணலைத் தவிர்க்க வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி வெப்பத்தில் சுட்டுப் பெறுவது. இறுகும்போது சிமெண்ட் சுருங்குகிறது. இதுவோ மிகச் சிறிதளவு விரிகிறது. அதனால் பள்ளத்தின் விளிம்பை நன்றாகக் கவ்விக்கொள்ளும். கால்மணி நேரத்துக்குள் இறுகிவிடும் என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் குழைக்கக் கூடாது. ஜிப்சம் நீரில் மெல்லக் கரையும் பொருள். எனவே வெளிச்சுவர், குளியலறை, ஓதம் ஏறும் சுவர் மூன்றுக்கும் அது ஆகாது.

மண்சுவருக்கு மண்ணே மருந்து. சலித்த செம்மண், கிடைத்தால் புற்றுமண், அதோடு நறுக்கிய வைக்கோலோ உமியோ, கொஞ்சம் சாணம். தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு மிதித்துக் குழைக்க வேண்டும். நார்ப்பொருள் மண் சுருங்கும்போது வெடிப்பைத் தடுக்கிறது. களிமண் அதிகமானால் வெடிக்கும், மணல் அதிகமானால் உதிரும். உள்ளங்கையில் உருட்டிக் காயவைத்த உருண்டை வெடிக்காமலும் அழுத்தினால் பொடியாகாமலும் இருந்தால் பதம் சரி. மண்சுவரில் சிமெண்ட் ஒட்டுப் போடுவது இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் கெடுதல் செய்யும் வேலை. சிமெண்ட் சுவரின் ஈரத்தை வெளியே மூச்சுவிட விடாது. ஈரம் ஒட்டுக்குப் பின்னால் தேங்கி மண்ணைக் குழைத்துவிடும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஒட்டு தகடாகக் கழன்று, பின்னால் முன்பைவிடப் பெரிய பள்ளத்தைக் காட்டும்.

காரைச் சுவருக்குச் சுண்ணாம்பு. கொங்கு மண்ணில் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சூளையில் சுட்டுத்தான் அந்நாளில் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கல்லிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிப் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. சுக்கான்கல்லில் களிமண் கலந்திருப்பதால் அதன் சுண்ணாம்பு ஈரத்திலும் ஓரளவு இறுகும் தன்மை உடையது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைக் காரையில் சேர்ப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். கோயில் திருப்பணிகளில் அது இன்றும் தொடர்கிறது. வீட்டுப் பழுதுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். கடையில் திறந்து கிடந்த பொடிச் சுண்ணாம்பு காற்றிலேயே பாதி செத்திருக்கும். நல்ல சுண்ணாம்பு கிடைக்காத இடத்தில், சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது என்ற மெலிந்த கலவை காரைச் சுவருக்கு இணங்கிப் போகும்.

வாடகை வீட்டார் ஆணித் துளையில் பற்பசையையும் சோப்பையும் அடைப்பது ஊரறிந்த இரகசியம். சாவி கொடுக்கும் நாள்வரை அது நிற்கும். மேலே வண்ணம் பட்டதும் திட்டாகத் தெரியும். குழாய்க் கசிவை அடைக்க வாங்கிய எம்-சீல் பசையை ஓட்டையில் அப்புவதும் வழக்கம். அது பூச்சைவிடப் பலமடங்கு கெட்டியாகி, உப்புத்தாளுக்கு இணங்காமல் மேடாகவே நிற்கும்.

அடைக்கும் முறை

ஆணித் துளையைச் சுற்றிப் பூச்சு சற்று மேடாக எழும்பியிருக்கும். பட்டித் தகட்டின் முனையால் அதைச் சுரண்டி, துளைக்குள் இருக்கும் தூசியை ஊதிவிட்டு, லேசாக நனைத்துப் பட்டியை அழுத்தித் திணிக்க வேண்டும். சுவரின் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்குமாறு விட்டு, முழுதும் காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் தேய்த்தால் சமமாகிவிடும். முதலிலேயே மட்டமாக வழித்துவிட்டால் காயும்போது குழியும்.

ரால் பிளக் உள்ள துளையில் பிளக்கோடு சேர்த்துப் பூசக் கூடாது. ஸ்குருவைப் பாதி முறுக்கி, குறட்டால் ஸ்குருவை இழுத்தால் பிளக் கூடவே வந்துவிடும். வராவிட்டால் பூச்சின் மட்டத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் தட்டி இறக்கிவிட்டு மேலே அடைக்கலாம். டிரில் எடுக்கும்போதும் கொத்தும்போதும் சுவிட்சு பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் பக்கவாட்டிலும் ஒயர் ஓடும் என்பதை நினைவில் வைத்து, மெயினை அணைத்துவிடுவது நல்லது.

டொக்கும் உதிர்ந்த பள்ளமும் இன்னும் கவனம் கேட்பவை. தளர்ந்ததையெல்லாம் உளியால் எடுத்தபின், விளிம்புகளைச் சரிவாக விடாமல் செங்குத்தாக, முடிந்தால் உட்புறம் சற்று அகலமாக வெட்ட வேண்டும். சரிவான விளிம்பில் கலவை காகிதம்போல் மெலிந்து முடியும். அந்த மெலிந்த ஓரம்தான் முதலில் எழும்பும். பிறகு தூசியைத் துடைத்து, பள்ளத்தை நன்றாக நனைத்து, நீர் சொட்டாத நிலையில் சிமெண்ட் பால் தடவி, அது காய்வதற்குள் கலவையை வீசி அழுத்த வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட்டால் சிமெண்ட் இறுக நீர் இராது. உட்சுவர்ப் பூச்சின் கனம் பொதுவாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதைவிட ஆழமானால் ஒரேயடியாக நிரப்பாமல், முதல் அடுக்கைக் கீறிவிட்டு, அது இறுகியபின் அடுத்த அடுக்கு. மணியாசுக் கட்டையால் வட்டமாகத் தேய்த்து, சுற்றியுள்ள சுவரைவிட ஒரு நூல் பள்ளமாகவே நிறுத்தினால் மேலே பட்டிக்கு இடம் இருக்கும்.

வாசல் மூலையும் தூண் மூலையும் உடைந்திருந்தால் ஒரு பக்கம் நேர்ப்பலகையை அழுத்திப் பிடித்து மறுபக்கம் பூச வேண்டும். அது இறுகியதும் பலகையை மாற்ற வேண்டும். கையால் மட்டும் மூலை எடுக்க நல்ல கொத்தனாருக்கே கண் வேண்டும்.

செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் கோட்டில் உதிர்ந்த பூச்சுக்கு வெறும் கலவை நிற்காது; இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும். இருபுறமும் நன்றாகப் படியுமாறு கோழிவலையை ஆணியடித்து அதன்மேல் பூசுகிறார்கள். ஹாலோ பிளாக்கின் வெற்றிடத்துள் கலவை விழுந்துகொண்டே இருக்கும். முதலில் சுருட்டிய வலைத்துண்டைத் திணித்துத் தடுப்பு கொடுக்க வேண்டும். ஏ.ஏ.சி. மென்மையானது என்பதால், அதைக் கட்டப் பயன்படும் பசைக் கலவையே அதன் ஓட்டைக்கும் போதும். ஜிப்சம் போர்டில் சிறு துளைக்கு வலைநாடா ஒட்டி ஜிப்சம் பூச்சு. கை நுழையும் ஓட்டையானால் சதுரமாக வெட்டி, பின்னால் பட்டியல் கட்டை வைத்து, புதுத் துண்டைத் திருக வேண்டும்.

காலமும் வண்ணமும்

சத்தியமங்கலத்தில் சுவர் வேலை அதிகம் நடப்பது மார்கழியில், பொங்கலுக்கு முன். வீடு வெள்ளையடித்து, காப்புக் கட்டுக்கு வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் எரவாரத்தில் செருகுவதற்குள் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது கொங்கு வீடுகளின் பிடிவாதம். சுவருக்கோ அது ஒவ்வாத காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த ஈரம் மார்கழிப் பனியில் காய்வதில்லை. ஈரச் சுவரின் மேல் பட்டியும் எமல்ஷனும் ஏறினால் மாசியில் கொப்புளம் கட்டும். உட்சுவர் ஆணித் துளைகளைப் பொங்கலுக்கு அடைத்துக்கொள்ளலாம். ஓதம் பட்ட சுவரையும் வெளிச்சுவரையும் மாசி, பங்குனிக்குத் தள்ளிவைப்பது அறிவுடைமை. சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் எதிர்ச் சிக்கல்: பூச்சு இறுகும் முன் காய்ந்துவிடும். அப்போது ஈரச் சாக்கைக் கட்டி, ஒருவாரம் காலை மாலை தண்ணீர் நனைக்க வேண்டும். உள்ளங்கை அளவு ஒட்டுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடைத்த இடம் வண்ணத்தில் தனித்துத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ப்ரைமர் பூசாததே. புதுப் பட்டி வண்ணத்தை அதிகம் உறிஞ்சும்; பழைய சுவர் உறிஞ்சாது. ப்ரைமர் அடித்தாலும், பல ஆண்டு மங்கிய வண்ணத்தோடு புதியது இணையாது. மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை முழுக்க அடிப்பதே தீர்வு. புது சிமெண்ட் ஒட்டின் மேல் எனாமல் போன்ற எண்ணெய் வண்ணத்தை நான்கு வாரத்துக்கு முன் அடித்தால் சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். காரை, மண் சுவர்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளையே பொருத்தம். பிளாஸ்டிக் எமல்ஷன் அவற்றின் மூச்சை அடைக்கும்.

பழைய வண்ணத்தைத் தேய்க்கும்போது எழும் தூசியில் ஆபத்து உண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை மில்லியனில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்தைய எனாமல் பூசிய சுவரை உலர வைத்துத் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகள் அறையில் இருக்கக் கூடாது. நீற்றாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாடகை வீட்டுச் சுவர்

ஆணித் துளை அதிகம் சண்டை மூட்டுவது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, கட்டடப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குடியிருப்பவர் விளைவித்த சேதத்தால் வரும் கட்டடப் பழுதை மட்டும் அதிலிருந்து விலக்குகிறது. காலண்டர் ஆணி சேதமா, சாதாரணப் புழக்கமா என்பதில்தான் அட்வான்ஸ் பிடித்தம் தொடங்குகிறது. அரை நாள் வேலைக்குக் கொத்தனார் வர மறுக்கும் இன்றைய நிலையில், அடைப்பதற்காகும் பொருள் செலவைவிடப் பிடித்தம் பலமடங்கு ஆகிவிடுகிறது. குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படமெடுத்து இரு தரப்பும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆணி அடிக்கலாம், காலி செய்யும்போது யார் அடைத்துத் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.